வியாழக்கிழமை இரவின் அட்டை



நம் வாலிபர் ஐக்கியத்தைக் கவனித்து வருகிறவர்கள் ஒரு காரியத்தை அறிவீர்கள். ஆர்வமுள்ள செயலாளர் ஒருவர் அமைந்தால் அது தழைக்கிறது. அவர் வேலை கிடைத்து வெளியூர் சென்றதும் நாற்காலிகள் காலியாகின்றன. போதகரும் ஒருநாள் மாற்றலாகிச் செல்கிறவரே. மனிதர் மாறினாலும் நிலைநிற்கிற ஒன்றை எவ்வாறு கட்டுவது என்னும் கேள்வி சில காலமாக என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கான வெளிச்சம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றின் கால்பந்து அணி.

அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டமன்று. தலைக்கவசம் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். கலிபோர்னியாவின் கான்கார்ட் நகரிலுள்ள டி லா சால் பள்ளி 1965இல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடியில் லசால் பள்ளியை நடத்துகிற அதே கத்தோலிக்க சகோதரர் சபையின் பள்ளி அது. 1979இல் பாப் லடூசர் பயிற்சியாளராக வந்தபோது, வெற்றிகள் தோல்விகளை மிஞ்சிய ஓர் ஆண்டைக்கூட அந்த அணி கண்டதில்லை. பின்னாளில், 1992 முதல் 2004 வரை, அது தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது.

இதை எண்ணிப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகளில் மாணவர் அனைவரும் மாறிவிடுவர். 1992இல் ஆடியவர் எவரும் 2004இல் இல்லை. தனியார் பள்ளியாதலால் பல ஊர்களிலிருந்தும் மாணவரைச் சேர்க்க இயலும் என்ற குறை சொல்லப்பட்டது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் அந்த வசதி பெற்ற பள்ளிகள் வேறு பலவும் இருந்தன. அவை எதுவும் இவ்வளவு காலம் நிலைக்கவில்லை.

லடூசர் அப்பள்ளியில் சமயபாட ஆசிரியராகவும் இருந்தவர். போட்டிக்காலம் முடிந்தபின்னும் அவருடைய மாணவர் உடற்பயிற்சியை விடுவதில்லை. சிறிய அசைவையும் பிழையற வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வர். வாரந்தோறும் வியாழக்கிழமை இரவு கூடி உணவருந்துவர். அப்போது ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தாம் செய்து முடிக்க வேண்டியவற்றைச் சிறிய அட்டையில் எழுதி, எல்லார் முன்பாகவும் வாசிப்பர்.

அந்த அட்டை பயிற்சியாளரிடம் போவதில்லை; உடன் ஆடும் ஒரு தோழனிடம் கொடுக்கப்படுகிறது. சொன்னதைச் செய்தாயா என்று கேட்கும் பொறுப்பு அந்தத் தோழனுடையது. இதைப் படித்தபோது பிரசங்கி நான்காம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. விழுந்தவனைத் தூக்கிவிட அருகில் ஒருவன் வேண்டும் என்றல்லவா ஞானி அங்கே போதிக்கிறார்? மைதானத்துக்குள் அந்த மாணவர் இருவர் இருவராகக் கைகோத்தே நடந்து வருவது வழக்கம்.

2004 ஆகஸ்டில், அப்போதுதான் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் புறப்படவிருந்த அவ்வணியின் வீரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களில், செப்டம்பர் 4 அன்று, சியாட்டிலில் பெல்வியூ பள்ளி அணியிடம் 39-20 என்ற கணக்கில் டி லா சால் தோற்றது. 151 வெற்றிகள் மரணத்தைத் தடுக்கவில்லை. தோல்வியையும் என்றென்றைக்கும் தடுக்கவில்லை. கொரிந்து சபைக்கு எழுதுகையில், பந்தய வீரர் பெறும் கிரீடம் வாடிப்போவது என்பதைப் பவுல் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் அவர்களுடைய ஒழுங்கை நமக்கு மாதிரியாகவே காட்டினார்.

2013இல் லடூசர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் அவரிடமே ஆடிப் பயின்ற முன்னாள் மாணவர். அணி சிதறவில்லை. வெற்றி எண்ணிக்கையைவிட இதுவே எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுகிறது.

பிரியமானவர்களே, நம் வாலிபர் தங்கள் தீர்மானங்களைப் போதகரிடம் ஒப்புவிக்கிறார்கள். போதகர் போனால் தீர்மானமும் போய்விடுகிறது. வருகிற ஞாயிறு ஐக்கியக் கூடுகையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்படும். இந்த வாரம் நிறைவேற்றக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள்: தவறாத ஒரு ஜெபவேளை, மருத்துவமனையில் இருக்கும் ஒருவரைச் சந்தித்தல், தகப்பனாரோடு ஒப்புரவாகுதல். என்னிடம் தர வேண்டாம். அருகில் அமர்ந்திருக்கும் சகோதரனிடமோ சகோதரியிடமோ கொடுங்கள். அடுத்த ஞாயிறு அவர் உங்களைக் கேட்கட்டும்.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் கிருபையைத் தேவன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.