சுவரேறும் படங்கள்

கண்காட்சிச் சுவரில் தொங்கும் ஒரு புகைப்படம், எடுத்தவர் கையை விட்டுப் பல கைகள் மாறித்தான் அங்கே வந்து சேர்கிறது. அச்சிடுபவர், சட்டம் போடுபவர், சுவரில் ஏற்றுபவர், விளக்கைத் திருப்பி வைப்பவர் என்று அந்த வரிசை நீளும். நுழைவாயில் பலகையில் இவர்களில் யாருடைய பெயரும் அநேகமாக இருக்காது. சென்னையில் புகைப்படக் கண்காட்சிகள் அடிக்கடி நடக்கின்றன என்பதால் இவர்களின் தொழிலை அருகிலிருந்து பார்க்க இந்த ஊர் வசதியானது.

இத்தொழிலுக்கு இங்கே வயதும் அதிகம். அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்று பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி. மதராஸ் புகைப்படச் சங்கம் 1850களின் நடுவில் உருவானதற்கும் அவரே முக்கியக் காரணம். அதே காலத்தில் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அச்சுகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டுவது படம் எடுப்பதற்குச் சற்றும் குறையாத வேலை. டிரைப்பின் பெயர் தெரிந்த அளவுக்கு அந்த வேலைக்குத் துணை நின்றவர்களை யாருக்கும் தெரியாது.

கோத்தே நிறுவனத்தின் துணையோடு சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா 2016இல் முதல்முறையாக நடந்தது. இந்தத் தொழிலாளர்களுக்கு அது இரண்டு வகையான வேலையைக் கொடுத்தது. ஒன்று அரங்குக்குள் கண்ணாடிச் சட்டத்தோடு தொங்கும் படம். மற்றொன்று பறக்கும் ரயில் நிலையம், பூங்கா போன்ற வெளியிடங்களில் வினைலிலும் சன்போர்டிலும் ஆளுயரத்துக்கு அச்சாகும் படம். கலைஞர் புஷ்பமாலா தொகுத்த 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையும் கவின் கலைக் கல்லூரியும் அரங்குகளாயின. ஹன்ட்டரின் பள்ளிக்குள்ளேயே புகைப்படங்கள் காட்சிக்கு வந்தன.

அச்சுக்கூடத்தில் முதலில் வருவது சோதனைத் துண்டு. முழுப் படத்தையும் அச்சிடாமல், மிக இருண்ட பகுதியும் மிக வெளிச்சமான பகுதியும் சேர்ந்த ஒரு பட்டையை மட்டும் அச்சிட்டுப் பார்க்கிறார்கள். திரை தன் ஒளியைத் தானே தருகிறது. காகிதமோ மேலே விழும் ஒளியைத்தான் திருப்பித் தர முடியும். அதனால் திரையில் தெரிந்த நிழல் காகிதத்தில் அடைத்துப்போகும். இதைச் சரிசெய்யக் காகிதத்துக்கும் மைக்கும் ஏற்ற நிறக்கோப்பைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், கோப்பு பாதி வழிக்குத்தான் வரும். மீதி அச்சிடுபவரின் கண். கண்காட்சி அச்சுக்குப் பெரும்பாலும் பருத்திக் காகிதமும் பிக்மென்ட் மையும்தான். ஹானமூலே நிறுவனத்தின் போட்டோ ராக் வகை, சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையில் முழுக்கப் பருத்தியால் ஆனது. கையில் எடுத்தால் நல்ல கனம் தெரியும்.

நான் பார்த்தவற்றில் கூர்மையான விவாதங்கள் தோலின் நிறத்தைப் பற்றியே எழுந்தன. கல்யாண ஆல்பம் அச்சிட்டுப் பழகிய கைக்கு முகத்தை வெளுக்க வைப்பது அனிச்சை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தீற்றி முகத்தை வெளுக்கச் செய்யும் வழக்கம் நீண்டகாலம் இருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு மின்னுருவாக்கிய பழைய ஸ்டுடியோ படங்கள் அந்த உலகத்தைக் காட்டுகின்றன. கண்காட்சிக்கு அச்சிடுபவர் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். உப்பளத்தில் நிற்பவரின் கருத்த முகத்தில் வியர்வையின் பளபளப்பும் கன்னத்தின் நிழலும் தனித்தனியே தெரிய வேண்டும். மற்ற எல்லாத் திருத்தங்களையும்விட இதுதான் கடினமானது என்று தோன்றுகிறது.

அடுத்தது சட்டம். சாமி படத்துக்கும் இறந்தவர் படத்துக்கும் பிரேம் போடும் கடைகளிலேயே கண்காட்சி வேலையும் நடக்கிறது. பீடிங் பட்டையை 45 பாகையில் அறுத்து நான்கு மூலையையும் இடைவெளி தெரியாமல் சேர்ப்பது இரண்டுக்கும் பொது. வேறுபாடு உள்ளேதான். சாமி படம் கண்ணாடியோடு ஒட்டியபடி இருக்கும். கண்காட்சிப் படத்துக்கு நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை வைத்து, அச்சைக் கண்ணாடியிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் கண்ணாடி வியர்த்தால், ஒட்டியிருக்கும் அச்சு அதோடு பிடித்துக்கொள்ளும். பிரித்தால் படத்தின் மேற்பரப்பு உரியும். மலிவான அட்டையில் அமிலம் இருப்பதால் சில வருடங்களில் படத்தின் ஓரம் பழுப்பாகிவிடும். பின்பக்கம் சரியாக அடைக்காவிட்டால் பூஞ்சணம் வரும், வெள்ளிமீன் பூச்சியும் வரும். அமிலமில்லாத அட்டை விலை அதிகம் என்பதால் செலவைச் சுருக்க நினைக்கும் அமைப்பாளர் முதலில் கைவைப்பது இங்கேதான்.

சுவரில் ஏற்றும் வேலைக்கு ரசமட்டம், அளவு நாடா, பென்சில் போதும். கொஞ்சம் கணக்கும் வேண்டும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருப்பது வழக்கம். நிற்பவரின் கண் ஏறத்தாழ அங்கே இருக்கும். நடுப்புள்ளியை 58 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 24 அங்குல உயரமுள்ள சட்டத்துக்கு அதோடு பாதி உயரமான 12ஐக் கூட்டி, இழுத்த கம்பி சட்டத்தின் மேல்விளிம்புக்குக் கீழே நிற்கும் தூரமான 3ஐக் கழிக்க வேண்டும். ஆணி 67 அங்குலத்தில் இறங்கும். அளவு வேறுபட்ட படங்கள் வரிசையில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. தேர்ந்தவர்கள் இதைத் தாளில் எழுதுவதே இல்லை. கட்டடக் கலைஞர் சிசம் வடிவமைத்து 1879இல் முடிந்த செனட் மாளிகை போன்ற கட்டடத்தில் சுவரை ஆணியால் துளைப்பது முறையல்ல. அங்கே ஒட்டுப்பலகையில் தனித்தடுப்பு செய்து நிறுத்திவிட்டு அதன்மேல் தொங்கவிடுவதுதான் வழி. அப்போது தச்சரும் அணியில் சேர்ந்துகொள்கிறார்.

விளக்கைப் பொறுத்தவரை பழைய அச்சுகளுக்கு 50 லக்ஸ் அளவே பாதுகாப்பு. புதிய பிக்மென்ட் அச்சு இன்னும் கூடுதல் ஒளியைத் தாங்கும். விளக்கைச் சாய்த்து வைக்காவிட்டால் பார்ப்பவர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

திறப்புக்குப் பிறகு புகைப்படக்காரர்களுக்கான நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன: உரை, பயிலரங்கு, மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒருவரின் படத்தொகுப்பை மூத்தவர் பார்த்துக் கருத்துச் சொல்லும் அமர்வு. சலூன் எனப்படும் புகைப்படப் போட்டிகளின் உலகம் வேறு. அங்கே நடுவர்களின் மதிப்பெண்தான் பேசும், சுவர் இரண்டாம்பட்சம். பொதுமக்கள் கூடுதலாக வருவது வெளியிடக் காட்சிகளுக்கு. ரயிலுக்காக நிற்பவர் ஓரிரு நிமிடம் பார்ப்பார், அதற்குள் படமும் குறிப்பும் அவரிடம் போய்ச் சேர வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் குறிப்பை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டுவது வீண்வேலை. தமிழ்க் குறிப்பு, அதுவும் நான்கடி தள்ளி நின்றாலும் படிக்கும் அளவு எழுத்தில் இருந்தால், ஆட்கள் நின்று வாசிக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் அந்த இடம் எது என்று விசாரிக்கிறார்கள்.

கழற்றும் வேலை ஏற்றியதைவிட வேகமாக நடக்கும். சேதமும் அப்போதுதான் அதிகம். ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் எழுதிய எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, கீறலோ மூலை விரிசலோ இருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு மூலைக்கு அட்டைக் காப்பு வைத்து, முகத்தோடு முகமாக அடுக்கிப் பெட்டிக்குள் இறக்குகிறார்கள். வெளியிட வினைல்களைத் திரும்பக் காட்சிக்கு வைப்பது அரிது. வெயிலில் நிறம் மங்கியிருக்கும். கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், மழைக்காலத்தில் கூரைமேல் விரிக்க அவை உதவும். அரங்கில் கடைசி ஆள் வர்ணம் பூசுபவர். ஆணித் துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, உரசித் தேய்த்து, அடுத்த வாடகைதாரர் வருவதற்குள் சுவரை வெள்ளையாக்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு.