கடலுக்கு எல்லை குறித்தவர்



நம் கடற்கரைச் சாலையோரம் குவிந்துள்ள கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருகாலத்தில் அங்கே மணற்பரப்பு இருந்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. நகரக் கரையைக் கடல் அரித்தது. ஓரிடத்தில் இட்ட கல்லின் விளைவு வேறிடத்தில் வெளிப்பட்டது.

கடலுக்கு எல்லை குறித்தவர் யாரென்று தேவன் யோபுவிடம் கேட்கிறார் (யோபு 38). யோபு தன் வாயைக் கையினால் பொத்திக்கொள்கிறான். அது தோல்வியன்று; சிருஷ்டி தன் இடத்தை அறிந்த தருணம்.

நாமோ பிள்ளையின் படிப்பையும் மகளின் திருமணத்தையும் நாமே முடிவுசெய்துவிட்டு, ஜெபத்தில் தேவனுடைய ஒப்புதலை மட்டும் கேட்கிறோம். திட்டமிடுவது பாவமன்று. ஆனால் முதற்கல்லை வைக்குமுன் முழங்காலிடுங்கள். முடிவை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆமென்.