எல்லாம் வாதந்தானா?

ஆண்டுதோறும் உயர்தர வகுப்பு மாணவருக்கு மனித உடலின் மூட்டுக்களைப் பற்றிக் கற்பிக்கும் வேளை வரும்போது, நாம் கரும்பலகையில் ஒரு முழங்காலை வரைவது வழக்கம். மேலே தொடை எலும்பு. கீழே கணைக்கால் எலும்பு. இரண்டிற்கும் முன்னே, வாயிற் காவலன் போல, முழங்காற் சிரட்டை. எலும்பு நுனிகளைப் போர்த்திருக்கும் குருத்துக்கு நீல வெண்கட்டி. மூட்டின் உட்புறத்தைச் சுற்றிய மெல்லிய சவ்வுக்குச் சிவப்பு. இருபது ஆண்டுப் பழக்கமாதலின் கண்ணை மூடிக்கொண்டும் வரைதல் கூடும். அவ்வாறிருந்தும், எமது சொந்தத் தமக்கையாரின் விரல்களில் அந்தச் சிவப்புக் கோடு வீங்கிக்கொண்டிருந்ததை இரண்டு ஆண்டு காலம் நாம் காணவில்லை.

முதலில் அப்படத்தையே சிறிது உற்று நோக்குவோம். மூட்டில் எலும்பும் எலும்பும் நேரே உரசுகின்றன என்பது பலருடைய எண்ணம். அஃது உண்மையன்று. ஒவ்வோர் எலும்பின் நுனியையும் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள குருத்து மூடியிருக்கின்றது. பாடநூல் அதனைக் கசியிழையம் என்னும். சலவைக்கல்லின் வழுவழுப்பும் பஞ்சின் நெகிழ்வும் ஒருங்கே அமைந்த பொருள் அது. வியப்பு யாதெனில், அதனுள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் செல்லாத இடத்திற்கு உணவு எவ்வாறு செல்லும்? மூட்டுக்குள் உள்ள நீரே அதற்கு உணவு. நாம் அடியெடுத்து ஊன்றும்போது குருத்து நசுங்கி நீரை வெளியே விடுகின்றது. காலைத் தூக்கும்போது விரிந்து மீண்டும் உறிஞ்சுகின்றது. நனைந்த துணியைப் பிழிந்து பின்னும் நீரில் இடுவதை ஒக்கும் இச்செயல். ஆகவே, நடந்தால் மூட்டுத் தேய்ந்துவிடும் என்று அஞ்சிச் சாய்மனைக் கதிரையிலேயே காலங் கழிப்பவர் தம் குருத்தைப் பட்டினி போடுகின்றார் என்க.

அந்த நீர் முட்டையின் வெண்கருவை ஒத்தது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பராசெல்சஸ் என்னும் வைத்தியர் அதற்குச் சினோவியா என்று பெயரிட்டார். சுகதேகியின் முழங்காலில் அது ஒரு தேக்கரண்டி அளவுகூட இராது. அதனைச் சுரப்பது யாம் சிவப்பில் வரையும் அந்தச் சவ்வு. குருத்தில் இல்லாத இரத்தக் குழாய்களும் நரம்புகளும் இதில் உண்டு. சவ்வுக்கு வெளியே உறுதியான உறை. எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்கள். முழங்காலில் மாத்திரம் பிறைநிலா வடிவில் இரண்டு மெத்தைகள் மேலதிகமாக உண்டு. உதைபந்தாட்டக்காரர் சடுதியாகத் திரும்பும்போது கிழித்துக்கொள்வது பெரும்பாலும் அவற்றையே.

இனி எமது கதைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் நாட்டில் பெற்றோல் கிடையாதிருந்த மாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எமது மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. தந்தையாரின் பழைய றலி சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து, நாள்தோறும் கல்லூரிக்கு மிதிக்கலானோம். இரண்டு வாரங்களில் முழங்காலின் முன்புறம் நோகத் தொடங்கிற்று. நாற்பது வயது கடந்தவனுக்கு நோ வந்தால் கற்பனை விரைந்தோடும். மூட்டுத் தேய்ந்தது, இனிப் படியேறல் இயலாது என்றெல்லாம் எண்ணி, மூன்றாம் நாளே ஒரு வைத்தியரிடம் சென்றோம். "மூன்றாம் நாளே" என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

அவர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், சிரட்டையைத் தொட்டு அசைத்தார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விடிய எழும்பேக்கை எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும், மாஸ்டர்?"

"ஐந்து நிமிடம் இருக்கும்" என்றோம்.

"அப்ப பயப்பிடாதேங்கோ. ஒரு மணித்தியாலத்துக்கு மேலை எண்டு சொல்லியிருந்தால்தான் நான் யோசிச்சிருப்பன். முதலிலை சைக்கிள் சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்துங்கோ."

ஆசனம் தாழ்வாக இருப்பின் முழங்கால் மிகையாக மடங்கி, சிரட்டையின் பின்புறம் அழுத்தப்படுமாம். உயர்த்தினோம், நோ போயிற்று. எமது நோய் அவ்வளவே. ஆயினும் அந்தக் கேள்வி போகவில்லை. வீடு திரும்பும் வழியில், ஒழுங்கை முடக்கிலே, சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றோம். ஏனெனில் அக்கேள்விக்குரிய வேறொரு விடையை நாம் ஏற்கெனவே பன்முறை கேட்டிருந்தோம். "பத்து மணி மட்டும் கை என்ரை கையில்லை, தம்பி" என்று எமது அக்கா சொல்வதுண்டு.

அக்கா எமது வளவுக்குள்ளேயே, முன் வீட்டில் இருக்கின்றார். எம்மிலும் ஆறு வயது மூத்தவர். 2020ஆம் ஆண்டு மாரிகாலத்தில் அவருக்குக் கைவிரல்கள் விறைக்கத் தொடங்கின. மழைக் குளிர் என்றோம். பங்குனி வெயிலிலும் விறைப்பு நீங்கவில்லை, வயது என்றோம். நொச்சியிலை அவித்து ஒத்தடம் பிடித்தார். எண்ணெய் பூசினார். தாங்கமுடியாத நாட்களில் மருந்துக்கடையில் நோக்குளிசை வாங்கி விழுங்கினார். "எங்கடை அம்மாவுக்கும் உந்த வாதம் இருந்ததுதானே" என்று தமக்குத் தாமே தேறுதல் கூறினார். மோதிரம் விரலை விட்டுக் கழலாமற் போயிற்று. காலை வேளையில் இடியப்பம் பிழிவதை நிறுத்திப் புட்டு அவித்து அனுப்பினார். எமக்குப் புட்டில் விருப்பம் அதிகம். ஆதலின் ஏன் என்று நாம் கேட்கவேயில்லை.

எமது முழங்காலுக்கு மூன்று நாள். அக்காவின் கைகளுக்கு இரண்டு ஆண்டு. இந்தக் கணக்கை எழுதும்போது இப்பொழுதும் பேனா தயங்குகின்றது.

மூட்டு நோவு என்பது ஒரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது குருத்துத் தேய்வு. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியன அதற்குக் காரணங்கள். குருத்து மெலிய, அடியிலுள்ள எலும்பு தடித்து ஓரங்களில் முளைவிடும். குருத்தில் நரம்பில்லையாதலின் நோவது எலும்பும் சவ்வும் சுற்றியுள்ள தசையுமே. வேலை செய்ய நோகும்; இளைப்பாறத் தணியும்; காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். உடல் நிறையில் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறையும் என்று 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் பெரும்பயன் தரும்.

அக்காவுக்கு வந்தது அதுவன்று. உடலைக் காக்க வேண்டிய படை, தன் சொந்த மூட்டுச் சவ்வையே பகையென மயங்கித் தாக்கும் நோய் அது. மென்துகில் போன்ற சவ்வு தடித்துப் பெருத்து, குருத்தின் மேல் படர்ந்து அதனையும் எலும்பையும் அரிக்கும். விரலின் அடிமூட்டுக்களும் நடுமூட்டுக்களும் மணிக்கட்டும் வீங்கும். நகத்தையடுத்த நுனிமூட்டைப் பெரும்பாலும் தொடாது. ஒரு கையில் வந்தால் மறு கையிலும் வரும். இளைப்பாற இளைப்பாற விறைப்பு மிகும். ஆதலாற்றான் காலைப் பொழுது கொடியதாகின்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். புகைத்தல் இந்நோயை வரவழைக்கும் காரணங்களுள் ஒன்று என்பது இன்று ஐயமறத் தெரிந்தது.

இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் இலண்டனில் வாழ்ந்த அல்பிரட் கரோட் என்னும் வைத்தியர். அக்காலத்தில் அங்கும் மூட்டு வீக்கங்களை ஒன்றோடொன்று குழப்பியே பேசினர். கரோட் நோயாளியின் இரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, சிறிது அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலிழையை இட்டு வைத்தார். கௌட் என்னும் நோயுள்ளவரின் இரத்தமாயின், நூலில் யூரிக்கமிலப் பளிங்குகள் படிந்தன. ஏனைய மூட்டு வீக்கங்களில் அவ்வாறு படியவில்லை. ஒரு நூல் துண்டைக்கொண்டு இரு நோய்களைப் பிரித்த அம்மனிதர், 1859ஆம் ஆண்டில் தம் நூலில் மற்றையதற்குப் புதுப்பெயர் இட்டார். எமது பக்கத்துப் பழைய வைத்தியமும் இதில் பின்தங்கியதன்று. வடமொழியிலுள்ள மாதவ நிதானம் ஆமவாதத்துக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளது. வாதரத்தம் என்பது அதனின் வேறாகவே சொல்லப்பட்டது. எல்லாவற்றையும் "வாதம்" என்ற ஒரே சாக்கினுள் போட்டுக் கட்டியவர் நூலாசிரியர் அல்லர், நாமே.

கௌட் பெரும்பாலும் காற்பெருவிரலின் அடியில், நள்ளிரவிலே, போர்வை படவும் பொறுக்காத நோவுடன் தொடங்கும். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இங்கு பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டு நொந்தவர்கள் இன்னும் எம்மிடையே உள்ளனர். காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு மாத்திரம் திடீரெனச் சிவந்து, கொதித்து, வீங்கினால், அதனுள் கிருமி புகுந்திருத்தல் கூடும். அதற்கு எண்ணெய் பூசிக் காத்திருத்தல் ஆகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். சில நாட்களிலேயே குருத்து முற்றாக அழிந்துவிடும்.

மறுநாட் காலை அக்காவை அதே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். "எனக்கென்ன தம்பி, வீண் செலவு" என்று வழியெல்லாம் முறுமுறுத்தார். வைத்தியர் அவர் கையின் அடிமூட்டுக்களை இரு பக்கமும் மெல்ல அழுத்தினார். அக்கா கையை வெடுக்கென இழுத்துக்கொண்டார். இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எலும்பின் ஓரங்கள் சில ஏற்கெனவே அரிக்கப்பட்டிருந்தன. "முதல் ஆறு மாதத்துக்குள்ளை வந்திருந்தால்…" என்று தொடங்கிய வைத்தியர், எமது முகத்தைப் பார்த்து வசனத்தை முடிக்காமல் விட்டார்.

இன்று அக்கா அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகவே மருந்து பெறுகின்றார். மெதோத்திரெக்சேற்று என்னும் குளிசை. வாரத்தில் ஒரு நாள் மாத்திரம். அறியாமல் நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து ஆதலின், திங்கட்கிழமை என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கின்றோம். ஈரலையும் இரத்தத்தையும் இடையிடையே பரிசோதிக்கின்றனர். பிரான்சிய ஓவியர் ரெனுவார் இதே நோயால் விரல்கள் முடங்கியும் 1919ஆம் ஆண்டில் இறக்கும்வரை வரைந்தார் என்பர். அவர் காலத்தில் இம்மருந்து இல்லை. அக்காவுக்கு வீக்கம் வடிந்தது. காலை விறைப்பு இப்பொழுது பத்து நிமிடமே. திறப்பைத் தாமே திருப்புகின்றார், தேங்காய் திருவுகின்றார். ஆனால் வலக்கையின் விரல்கள் சின்னிவிரற் பக்கமாகச் சாய்ந்தவை சாய்ந்தபடியே இருக்கின்றன. இடியப்ப உரலை அவர் மீண்டும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாமே சென்று பிழிந்து கொடுக்கின்றோம். மா இறுகிவிட்டதென்று அக்கா குறை சொல்வார்.

இவ்வாண்டு மூட்டுப் பாடம் வந்தபோது, வழக்கமான படத்தின் அருகே இரண்டாவது படமொன்றும் வரைந்தோம்: சிவப்புக் கோடு தடித்து நீலத்தின் மேல் படர்ந்த படம். பின்னர், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டோம். "உங்கள் வீட்டில் காலையில் கைவிரல் விறைக்கின்றவர் யாரும் உளரோ?" மூன்று பிள்ளைகள் கையுயர்த்தினர். எவ்வளவு நேரம் என்று ஒவ்வொருவராக வினவினோம். இருவர் சிறிது நேரம் என்றனர். மூன்றாமவன் சற்று யோசித்தான்.

"அம்மாவுக்கு, சேர், மத்தியானம் மட்டும் இருக்கும்."

பாடசாலை விட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனோடு அவன் வீட்டிற்கு நடந்தோம்.