தங்கவயலின் இன்னொரு செல்வம்

கோலார் தங்கவயல் என்றதும் சுரங்கத்தின் ஆழத்தைத்தான் பேசுகிறார்கள். அங்கே நடந்த சொற்பொழிவுகளைப் பேசுவோர் குறைவு. அந்த ஊருக்கு இது பெரிய அநீதி.

ஷிப்ட் முடிந்து மேலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கங்களில் கூடினார்கள். சாதி எங்கிருந்து வந்தது, புத்தர் என்ன சொன்னார், பழந்தமிழ் நூல்களை எப்படி வாசிப்பது என்பதெல்லாம் அங்கே பேச்சு. 1907-இல் சென்னையில் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அவர்கள் கைக்கும் வந்தது.

1914-இல் அயோத்திதாசர் மறைந்தார். பிறகு இதழும் நின்றுபோனது.

1926-இல் அந்தத் 'தமிழன்' மறுபடி வெளிவந்தது, இம்முறை தங்கவயலிலிருந்தே! ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலையும் இந்த ஊரில்தான் இருந்தது. பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், தொழிலாளர் ஊர் ஒன்று அவரை வாசித்துக்கொண்டிருந்தது.