இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு யாத்திரை

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிறோம் என்று சொன்னால், "அப்படியே ராமாநுஜரையும் சேவித்துவிட்டு வாருங்கள்" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் புறப்பட்டபோதும் அவ்விதமே சொன்னார்கள். நாமோ அந்த மகானின் அவதார ஸ்தலத்துக்குச் சற்று முன்னாலேயே, இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிவிடப் போகிறவர்கள். அங்கே நமக்காகக் காத்திருந்தது மோட்டார்ப் பந்தயத் தடம்.

இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் நம் மருமான். இருபத்து நான்கு வயது. கை நிறையச் சம்பளம். ஏழு வருஷம் ஓடிய ஒரு சிறிய கார். பந்தயத் தடத்தில் கார் ஓட்டிப் பழக வேண்டும் என்று அவனுக்கு ஆசை பிறந்தது. ஆசையில் தவறொன்றுமில்லை. நடுரோட்டில் தீர்த்துக்கொள்ளாமல் அதற்கென்று ஏற்பட்ட இடத்துக்குப் போகிறேன் என்கிற பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தடத்தில் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைக்குமுன்பே அவன் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மதிப்பீடு வாங்கி வந்துவிட்டான். எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திருத்தி வேகத்தைக் கூட்டுவது, பெரிய சைலன்ஸர், வண்டியைத் தரையோடு தாழ்த்தும் ஸ்பிரிங், அகலமான டயர் என்று வரிசையாக எழுதி, அடியில் இரண்டு லட்ச ரூபாய் என்று போட்டிருந்தது. நம் தமக்கையின் சீட்டுப் பணம் அந்த மாதந்தான் கைக்கு வந்திருந்தது. "தம்பி! நீதான் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவனாயிற்றே. இதெல்லாம் அவசியந்தானா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிடு" என்று அக்காள் உத்தரவிட்டாள். ஆகவே கார் அப்போதைக்குக் கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே எங்களைச் சுமந்துகொண்டு கிளம்பிற்று.

பூந்தமல்லியைத் தாண்டினதும் காற்றில் கொஞ்சம் ஈரம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் தயவு. அதற்கப்பால் சாலையின் இருபுறமும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ எஞ்சினியர்கள் சேர்ந்து இழைத்து இழைத்து ஒரு காரைச் செய்து முடிக்கிற ஊரிலேயே, "இது போதாது" என்று அதைப் பிரித்துப் போடும் இளைஞர்களும் வந்து கூடுகிறார்களே என்று நமக்குச் சிரிப்பு வந்தது. மருமான் சிரிக்கவில்லை.

தடம் 3.717 கிலோமீட்டர் நீளம், பன்னிரண்டு வளைவுகள். 1953-இல் ஏற்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் இதை அமைத்து 1990-இல் திறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பந்தயம் நடந்தது சென்னைக்கு வடக்கே சோழவரத்தில். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஆகாய விமானங்கள் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அது. யுத்தம் முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, மோட்டார்கள் வந்துவிட்டன.

அன்று தடத்தில் பந்தயம் இல்லை. மோட்டார்ப் பிரியர்கள் ஒன்றுகூடிப் பழகும் நாள். ஹெல்மெட் அணிந்து, சொன்ன விதிகளுக்குக் கட்டுப்பட்டு, அவரவர் சொந்தக் காரையே ஓட்டலாம். புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒரு பழைய பந்தய சாரதி வந்திருந்தார். சிறு பையனாகச் சோழவரத்தில் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தவராம். மருமான் தன் மதிப்பீட்டுக் காகிதத்தை அவரிடம் பயபக்தியுடன் நீட்டினான். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். "முதலில் டிக்கியைத் திற, தம்பி" என்றார்.

டிக்கியிலிருந்து ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு குடை, அக்காள் மறந்துபோன ஒரு எவர்சில்வர் தூக்கு எல்லாம் வெளியே வந்தன. பிறகு அவர் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தார். டயரில் காற்றை அளந்தார். பிரேக் ஆயில் எப்போது மாற்றினது என்று கேட்டார். மருமானுக்குப் பதில் தெரியவில்லை. எஞ்சினின் குதிரைச் சக்தி எவ்வளவு என்று கேட்டிருந்தால் தசம ஸ்தானத்தோடு சொல்லியிருப்பான்! நல்லவேளையாக அவரிடமே புது ஆயில் இருந்தது. மாற்றிக் கொடுத்த பிறகுதான் தடத்துக்கு அனுமதி.

அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு காட்சி நடந்தது. மருமான் மனத்தில் வரைந்து வைத்திருந்த வண்டியே உயிர் பெற்று வந்ததுபோல் ஒரு கார். தாழ்ந்த உடல், அகன்ற டயர், அடிவயிற்றைக் கலக்கும் சப்தம். நேர்பாதையில் அது பறந்ததைப் பார்த்து நாமே வாயைப் பிளந்தோம். ஆனால் வளைவு வந்ததும் அந்தப் பறவை நொண்டியாகிவிடும். ஓட்டியவரும் புதியவர்தான். பின்னாலேயே ஒரு பெண்மணி எவ்விதச் சிங்காரமும் இல்லாத பழைய கார் ஒன்றில் வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் நெருங்கிவிடுவார்; நேர்பாதையில் பின்தங்குவார்; அடுத்த வளைவில் மறுபடி நெருங்குவார். நான்காம் சுற்றில் பெரிய வண்டி வளைவில் நிற்காமல் நேரே மண்ணுக்குள் போய்ப் புழுதி மேகத்தில் மறைந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. இறங்கி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. "பிரேக்கை மிதித்தேன், பெடல் அடி வரைக்கும் போய்விட்டது" என்றார்.

இங்கே நமது பௌதிகத்துக்கு வேலை வந்தது. ஓடும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறோம். பையன்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. ஆயிரம் கிலோ எடையுள்ள காரை மணிக்கு 140 கிலோமீட்டரிலிருந்து 60-க்குக் குறைத்தால் வெளிப்படும் வெப்பம், இரண்டு லிட்டர் தண்ணீரை ஏறக்குறையக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு குடும்பத்துக்குக் காலைக் காப்பி! அதுவும் ஒரே ஒரு வளைவில், சில விநாடிகளில். எஞ்சினைத் திருத்தி அதே இடத்துக்கு 160-இல் வந்து சேர்ந்தால் வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பிரேக்கோ பழைய பிரேக்தான். நான்காம் ரகம் எனப்படும் பிரேக் ஆயில் புதிதாயிருக்கையில் 230 டிகிரி செல்ஸியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அதற்கு விதித்த அளவு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழசானதும் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவியை அமுக்கலாமே தவிர, அதைக் கொண்டு பிரேக்கை அமுக்க முடியாது.

பழைய சாரதியின் அபிப்பிராயம் அதற்கும் ஒருபடி மேலே போயிற்று. "அந்தப் பிள்ளைக்கு வளைவில் என்ன தவறு செய்கிறோம் என்றே தெரியாது, ஸார். நேர்பாதையில் எஞ்சின் அதை மூடி மறைத்துவிடுகிறது. அகல டயரும் அப்படித்தான். சாதா டயர் விடப் போகிறேன், விடப் போகிறேன் என்று முதலிலேயே முனகும். இது ரொம்ப நேரம் பொறுத்துக்கொள்ளும், விடுகிறபோது நல்ல வேகத்தில் விடும்" என்றார்.

மருமான் தடத்தில் இறங்கினான். முதல் சுற்றில் அவன் ஓட்டினதை அவன் தாயார் பார்க்காததே நல்லது. வளைவுக்குள் போன பிறகு பிரேக் போட்டான். ஸ்டீயரிங்கைப் பம்பரக் கயிறு மாதிரி சுண்டினான். டயர்கள் வீலென்று கதறின. ஆனால் கதறினதோடு சரி. அந்த வேகத்தில் அவை அவனை மன்னித்து விட்டுவிட்டன. மூன்றாம் சுற்றில் கதறல் குறைந்தது. பத்தாம் சுற்றில், நேர்பாதையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு வெளியோரத்திலிருந்து உள்ளோரத்தை ஒரே வில்லாக வளைத்துத் தொட்டு, மறுபடி வெளியே விரிந்து போனான். கைதட்டவே தோன்றியது நமக்கு. காரில் ஒரு திருகாணியும் மாறவில்லை.

கோயம்புத்தூர் கரிவர்தன் ஞாபகம் வந்தது. 1983-இல் வெளிவந்த மாருதி 800-இன் 796 ஸி.ஸி. எஞ்சினை வைத்து, இந்த நாட்டிலேயே ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் செய்தவர் அவர். 1995-இல் காலமானார். அந்தச் சின்ன எஞ்சினைக் கண்டு வெளிநாட்டுக்காரன் சிரித்திருக்கலாம். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், முந்துகிறவன் தன் கையாலும் காலாலும் அல்லவா முந்த வேண்டும்? அவ்வகை வண்டியில் பந்தயம் பழகிய கோயம்புத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இதனால் கம்பெனி கொடுத்ததில் கை வைப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போய்வரச் செய்த பிரேக் பேட், தடத்தின் சூட்டில் சீக்கிரம் களைத்துவிடும். வேகம் உண்மையாகவே கூடி, அது களைக்கிற நாளில் முதலில் மாற்ற வேண்டியது அதுதான் என்றார் சாரதி. அதன் பிறகு நல்ல டயர். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமாம். நாலை ஒருமிக்க மாற்றினால் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாதாம். பரிசோதனைச்சாலையில் நாம் சொல்வதும் இதேதான். எஞ்சின் கடைசியில்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி பதிவு செய்த அமைப்பினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை வற்புறுத்தியது. தடத்துக்குப் போகும் காரும் திரும்பி வருவது பொதுச் சாலையில்தானே?

சாயங்காலம் புறப்படும்போது மருமான் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தான். கிழிக்கவில்லை, அதன் பின்பக்கத்தில் என்னவோ கணக்குப் போட்டான். "மாமா, இந்த இரண்டு லட்சத்துக்கு எத்தனை நாள் இங்கே வந்து பழகலாம், தெரியுமா?" என்றான். "அது உன் சம்பளத்தில், அம்மாவின் சீட்டுப் பணத்தில் இல்லை" என்றோம். சற்று யோசித்துவிட்டு, "சரி, மாமா" என்றான்.

பூந்தமல்லி நெரிசலில் நிற்கையில் அக்காள் டெலிபோனில் கூப்பிட்டாள். பணம் முழுசாகப் பத்திரமாயிருக்கிறது என்று சொன்னோம். பிரேக் ஆயிலுக்கு நம் பையிலிருந்து கொடுத்ததைச் சொல்லவில்லை. "அது போகட்டும், என் தூக்கு எங்கே?" என்று கேட்டாள். மருமானும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது இருங்காட்டுக்கோட்டையில், ஸ்டெப்னி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.