முற்றும் எச்சமும்

வேதியியல் நமக்கு எட்டாத துறை. பள்ளியிறுதியில் அதில் தேறியதே விடைத்தாள் திருத்தியவரின் கருணையால்தான். அத்தகைய நாம் ஒரு வேதியியல் கட்டுரையில் கைவைத்து, ஒரு மாணவியின் பரிசைக் கெடுத்த கதையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஈராண்டுகளுக்கு முன், தமிழில் அறிவியல் கட்டுரைப் போட்டி ஒன்றுக்காக, வேதியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையைப் பிழைதிருத்தக் கொண்டுவந்தாள். கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தைச் சேர்ந்தவள். தாயார் கிராம்புத் தோட்டத்தில் மொட்டுப் பறிப்பவர். கட்டுரையும் கிராம்பைப் பற்றியதே. கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதியான யூஜெனாலை வனிலினாக மாற்றும் முறைதான் பொருள். ஐஸ்கிரீமிலும் பிஸ்கட்டிலும் கமழும் வெனிலா மணத்துக்கு உயிராக இருப்பது இந்த வனிலின்.

"ஆக்சிஜனேற்றம் இந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்" என்று எழுதியிருந்தாள். நமக்கு அது வெறும் பேச்சுநடையாகப் பட்டது. சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஆக்சிஜனேற்றம் இந்நிலையில் முற்றுப்பெற வேண்டும்" என்று திருத்தினோம். திருத்திய அழகில் நமக்கே ஒரு மயக்கம்.

போட்டியின் நேர்காணலில் நடுவர் கேட்டாராம்: "முற்றுப்பெற்றுவிட்டால் அப்புறம் வனிலின் எங்கேம்மா மிஞ்சும்?" அவள் வாய் திறக்கவில்லை. பரிசு வேறு கல்லூரிக்குப் போயிற்று.

செய்தியைச் சொன்னவர் நம் வேதியியல் துறை நண்பர். அவர்தான் தேநீர் ஆறும்வரை நமக்குப் பாடமும் நடத்தினார். அடுப்பில் இட்ட கிராம்பு எரிவதும் ஆக்சிஜனேற்றமே. அங்கே அது தடையின்றி ஓடுகிறது. கரிமம் கார்பன் டை ஆக்சைடாகவும், ஹைட்ரஜன் நீராகவும் போய்விடும். அதுதான் முற்றுப்பெறுதல். தொழிற்சாலைக்காரனின் பாடெல்லாம் அதை முற்றவிடாமல் தடுப்பதில் இருக்கிறது.

யூஜெனால் மூலக்கூறு, ஒரு வளையமும் அதிலிருந்து தொங்கும் மூன்று கரிமங்கள் கொண்ட வாலுமாக இருப்பது. வாலின் நுனியில் ஓர் இரட்டைப் பிணைப்பு. முதலில் காரத்தோடு சூடாக்கி அந்தப் பிணைப்பை வளையத்துக்கு அருகே நகர்த்துவார்கள். பிறகு ஆக்சிஜனேற்றியைக் கொண்டு அந்த இடத்தில் வெட்டினால், நுனியிலுள்ள இரண்டு கரிமங்கள் கழன்றுபோக, வளையத்தை ஒட்டிய ஒன்று ஆல்டிஹைடாக நிற்கும். வனிலின் கிடைத்துவிட்டது. வளையத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியும் தாக்குதலுக்கு ஆளாகக் கூடியது என்பதால், வெட்டுமுன் அதற்கு ஓர் அசிட்டைல் மூடி போட்டுவைத்துப் பின்னர் கழற்றுவதும் உண்டு. (பால் கொதிக்கையில் தீயைத் தணித்து நிற்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கவனமெல்லாம் புதிதன்று.) இன்னும் ஒரே ஒரு படி ஓடிவிட்டால் வனிலிக் அமிலம், அந்த மணம் அதற்கில்லை. ஈரக் காற்றில் திறந்து வைத்தாலே வனிலின் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிடுமாம்.

ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் 1874இல் ஊசியிலை மரச்சாற்றின் கோனிஃபெரினிலிருந்து வனிலினைச் செய்துகாட்டினர். பின்னர் காகித ஆலைக் கழிவிலுள்ள லிக்னினுக்கு முறை வந்தது. 1981இல் கனடாவின் தொரால்டு நகரத்து ஆலை ஒன்றே உலக வனிலினில் 60 விழுக்காட்டைத் தந்ததாம். இன்று பெரும்பகுதி பெட்ரோலிய வழியில் வருகிறது. மரத்துக்கும் கிராம்புக்கும் எஞ்சியது சிறு பங்கே.

"மணத்துக்காக மட்டுமா இவ்வளவு பாடு?" என்று கேட்டோம். இல்லை என்றார். ஆல்டிஹைடு மற்றப் பொருள்களோடு எளிதில் இணைவது. 1970களில் மான்சாண்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் வகுத்த வழியில், பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தைச் செய்யத் தொடக்கப் பொருளாக அமைந்தது வனிலின்தான். நோல்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

அந்த இடத்தில்தான் நமக்கு உறைத்தது. முதலாண்டு வகுப்பில் ஆண்டுதோறும் வினைமுற்றும் வினையெச்சமும் நடத்துகிறவர்கள் நாம். 'வந்தான்' என்றால் வாக்கியம் இழுத்து மூடப்பட்டுவிடும். 'வந்து' என்று நிறுத்தினாலோ, வந்து உண்டான், வந்து அழுதான், வந்து போனான் என்று எத்தனையோ வினைகள் வந்து சேரக் காத்திருக்கும். அந்தப் பெண் எழுதியது எச்சம். அதை முற்றாக்கியது தமிழ் முதுகலை படித்த நம் பேனா.

அவளை அழைத்துக் கேட்டோம்: "நான் திருத்தியது தவறென்று உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா."

"பின் ஏன் அப்படியே விட்டாய்? நடுவரிடமாவது சொல்லியிருக்கலாமே."

"ஐயா திருத்தினதுன்னு எப்படிச் சொல்ல?" என்றாள். சற்றுப் பொறுத்து, "எங்கம்மா வாசிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க. மொட்டு சிவக்கிறப்போ பறிச்சிடணும், விரிஞ்சா விலை போச்சுன்னு தினமும் சொல்றவங்க" என்றாள்.

போட்டிக் குழுவுக்கு, பிழை நம்முடையது என்று கடிதம் எழுதினோம். பதில் மரியாதையாக வந்தது, முடிவு மாறவில்லை. அவள் மறுபடி ஒரு கட்டுரை கொண்டுவந்தபோது, சிவப்புப் பேனாவை மேசைக்குள் வைத்துவிட்டு, பென்சிலோடு ஒவ்வொரு வரிக்கும் அவளையே பொருள் சொல்லச் சொன்னோம். நான்கு பக்கக் கட்டுரைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.