சிவகாசியிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

மதுரை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் நான்கு மணி. தீபாவளிக்கு மகன் வீட்டுக்குக் கிளம்பியபோது இந்தக் கணக்கைத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

சிவகாசியில் கார் ஏறி, திருத்தங்கல் தாண்டி, விருதுநகரில் நான்குவழிச் சாலையைப் பிடித்தோம். ஊர் எல்லைவரை வெடிக்கடைகள். வாசலை அடைத்தபடி வெளியூர் வண்டிகள். கள்ளிக்குடி, திருமங்கலம், கப்பலூர் சுங்கச்சாவடி, பிறகு சுற்றுச்சாலை என எழுபது கிலோமீட்டர் அளவுக்குத் தரைவழி. "அண்ணாச்சி, பெட்டியில வெடிகிடி ஏதும் இல்லையே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார் கார் ஓட்டிய தம்பி.

அவர் கேட்டது நியாயம். பேத்தி ஆசைப்பட்டதே கம்பி மத்தாப்புக்குத்தான். பட்டாசு, மத்தாப்பு, தீப்பெட்டி எதையும் விமானப் பயணி கொண்டுபோகக் கூடாது. ரயிலிலும் பட்டாசு கூடாது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு 3 ஆண்டுவரை சிறை என்கிறது. நடுவானில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமேது? வெடிவிபத்தில் உறவுகளைப் பறிகொடுத்த வீடுகள் உள்ள எங்கள் வட்டாரத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பேத்திக்குச் சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும்தான் போயின.

வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். சாலையில் ஒன்றரை மணியும் சேர, தரையிலேயே நாலரை மணி கழிந்துவிட்டது. பறந்ததோ நான்கு மணிதான். கேரளத்தைக் கடந்து, அரபிக்கடல்மேல் வடமேற்காகப் போய் இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னுக்குத் திருப்பினேன். மதுரையிலிருந்து சிங்கப்பூரும் கிட்டத்தட்ட இதே தூரம், 3,000 கி.மீ.; அங்கே இரண்டரை மணி முன்னுக்குத் திருப்ப வேண்டும். பறக்கும் நேரம் ஒன்றானாலும் மேற்கே போனால் பகல் நீள்கிறது, கிழக்கே போனால் குறைகிறது.

லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்களின் பாடு இன்னும் கடினம். மதுரையின் ஓடுதளம் 7,500 அடி. நெடுந்தூரத்துக்கு எரிபொருள் நிரப்பிய பெரிய விமானம் எழும்ப அது போதாது. சென்னைக்கோ வேறெங்கோ போய்த்தான் மாற வேண்டும். சென்னையிலிருந்து லண்டன் 8,200 கி.மீ.; பறக்கப் பத்து, பதினொரு மணி. வீட்டைவிட்டு இறங்கிய நேரத்திலிருந்து எண்ணினால் ஒரு நாளே போய்விடும். முழங்கால் வலியோடு இரவெல்லாம் விமான நிலைய நாற்காலியில் காத்திருக்கும் முதியவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தொலைவுக்கு அஞ்சிய ஊரல்ல சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். வான்வழியாக அளந்தாலே அது 1,800 கி.மீ. அவர்கள் கொண்டுவந்த தொழிலால் வளர்ந்த ஊரின் பிள்ளைகள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். மதுரை ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் அதை விரைவில் முடித்துத் தர வேண்டும். தென்மாவட்டத்துப் பெற்றோர் பிள்ளைகளைப் போய்ப் பார்க்க அது பேருதவியாக இருக்கும்.